பாட்டு எந்த நாட்டின் குடிமகன்?
ஹேமாங்க பிஸ்வாஸின் வாழ்வும் இசைச் சிந்தனையும்

தலைமுறை தலைமுறையாகக் கரீம்கஞ்ச் என்று வழங்கிவந்த அசாமின் எல்லை மாவட்டத்துக்கு 2024 நவம்பரில் மாநில பாஜக அரசு ஸ்ரீபூமி என்று புதுப்பெயர் சூட்டியது. ஓராண்டு கழித்து, 2025 அக்டோபர் இறுதியில், அதே ஊரில் நடந்த காங்கிரஸ் சேவா தளக் கூட்டமொன்றில் ஒரு முதியவர் எழுந்து 'அமார் சோனார் பாங்ளா' பாட்டின் சில வரிகளைப் பாடினார். அது வங்கதேசத்தின் தேசிய கீதம். எனவே அதைப் பாடியது தேசத்துக்கு இழைத்த அவமதிப்பு என்று கூறி வழக்குப் பதியுமாறு முதலமைச்சர் ஹிமந்த பிஸ்வ சர்மா காவல்துறைக்கு உத்தரவிட்டார்.

அந்தப் பாட்டை எழுதியவர் ரவீந்திரநாத் தாகூர். எழுதிய ஆண்டு 1905. கர்சன் பிரபு வங்கத்தை இரண்டாகப் பிளந்ததை எதிர்த்துத் தெருவில் இறங்கிய மக்களுக்காக எழுதப்பட்டது. வங்கதேசம் என்ற நாடு பிறப்பதற்கு 66 ஆண்டுகளுக்கு முன்பே அது பாடப்பட்டுக்கொண்டிருந்தது. மெட்டு இன்னும் பழையது. ஷிலாய்தஹ பகுதியில் கடிதம் சுமந்து வீடு வீடாக நடந்த ககன் ஹர்காரா என்ற அஞ்சல்காரரின் பாவுல் பாட்டிலிருந்து தாகூர் அதை எடுத்துக்கொண்டார். ஓர் அஞ்சல்காரரின் மெட்டின்மீது அசாம் காவல்துறை முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்பதே முதலமைச்சரின் உத்தரவுக்குப் பொருள்.

இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோக முடியாது. அதே ஆண்டு தில்லிக் காவல்துறை தன் அலுவல் கடிதமொன்றில் வங்காளியை 'வங்கதேச மொழி' என்று குறிப்பிட்டது. குருகிராமிலும் தில்லியிலும் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் வங்காளி பேசும் தொழிலாளர்கள், பேச்சின் சாயலைக் கொண்டே அந்நியர் என்று பிடித்துச் செல்லப்பட்டார்கள். மொழியும் மெட்டும் உச்சரிப்பும் குடியுரிமை ஆவணங்களாக மாற்றப்படும் காலம் இது. இத்தகைய காலத்தில், பாட்டின் முகவரி எது என்ற கேள்வியைத் தன் வாழ்நாள் முழுவதும் சுமந்து திரிந்த ஒரு கம்யூனிஸ்ட் கலைஞரை நினைவுகூர்வது பொருத்தமானது. அவர் பெயர் ஹேமாங்க பிஸ்வாஸ். வங்கத்திலும் அசாமிலும் அவர் பாட்டுகளை அறியாத இடதுசாரிக் குடும்பம் அரிது. தமிழ் இடதுசாரி வாசகர்களிடம் அவர் பெயர் போதிய அளவு வந்து சேரவில்லை.

ஜமீன் வீட்டுப் பிள்ளை

ஹேமாங்க பிஸ்வாஸ் 1912 டிசம்பர் 14 அன்று, அப்போது அசாம் மாகாணத்தில் இருந்த சில்ஹெட் மாவட்டத்தின் ஹபிகஞ்ச் பகுதியில், மிராஷி கிராமத்தில் பிறந்தார். இன்று அது வங்கதேசம். குடும்பம் ஜமீன்தார் குடும்பம். நிலம் முழுவதும் நீர். மழைக்காலத்தில் 'ஹாவோர்' எனப்படும் பெரும் தாழ்நிலங்கள் கடலாகிவிடும், ஊர்கள் தீவுகளாகும், ஆறு மாதம் தோணிதான் கால். அந்த நீர்வெளியில் படகுக்காரர்களும் அறுவடைக்கு வந்த கூலிகளும் பாடிய பாட்டுகள் ஜமீன் வீட்டுப் பிள்ளையின் காதில் விழுந்துகொண்டே இருந்தன. தாய் சரோஜினி பாடக்கூடியவர். மணமகளைச் சுற்றிப் பெண்கள் கைகொட்டி ஆடும் தாமாயில் பாட்டுகளும், ராதாரமண், ஹசன் ராஜா போன்ற அந்த மண்ணின் பாடகர்கள் விட்டுச்சென்ற பாட்டுகளும் அந்த வட்டாரத்தின் காற்றில் கலந்திருந்தன. ஹசன் ராஜா ஒரு முஸ்லிம் ஜமீன்தார். ராதாரமண் ஒரு வைணவர். பாடுகிறவர்கள் இருவரையும் பிரித்துப் பார்த்ததில்லை.

அதே மாவட்டத்தில்தான் நான்கார் முறையும் இருந்தது. நான் என்றால் ரொட்டி. சோற்றுக்கு ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்து, அதற்கு ஈடாக ஜமீன்தாரின் வீட்டுக்கும் வயலுக்கும் குடும்பம் முழுவதும் கூலியின்றி உழைக்க வேண்டும் என்ற அடிமைமுறை அது. பாட்டைக் கொடுத்தவர்களும் இந்த உழைப்பைக் கொடுத்தவர்களும் ஒரே மக்கள். ஜமீன் வீட்டுத் திண்ணையிலிருந்து இதைப் பார்க்கிற பிள்ளைக்கு இரண்டு வழிகள் இருந்தன. பாட்டை மட்டும் ரசித்து, நாட்டார் இசைப் பிரியராகி, பின்னாளில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டுப் பெயர் வாங்குவது ஒன்று. திண்ணையை விட்டு இறங்குவது இன்னொன்று. அவர் இறங்கினார்.

1930இல் சட்டமறுப்பு இயக்கத்தில் சிறை சென்றார். சில்ஹெட் முராரிசந்த் கல்லூரிப் படிப்பு அத்தோடு முடிந்தது. 1932இல் மீண்டும் சிறை, இம்முறை நெடுங்காலம். அங்கே காசநோய் பற்றிக்கொண்டது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. ஆங்கிலேய அரசு அவரை விடுவித்தது கருணையினால் அல்ல, சிறையில் செத்துவிடக் கூடாது என்பதால். முப்பதுகளின் இறுதியில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தார். நுரையீரல் சேதப்பட்ட மனிதர் அதன் பிறகு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பாடினார். 1987 நவம்பர் 22 அன்று கொல்கத்தாவில் காலமானார்.

அவருடைய தன்வரலாற்று நூலின் பெயர் 'உஜான் காங் பாஇயா'. உஜான் என்றால் நீரோட்டத்துக்கு எதிர்த்திசை. ஆற்றை எதிர்த்துத் துடுப்பு வலித்து என்பது பொருள். கிழக்கு வங்கப் படகுக்காரரின் புகழ்பெற்ற பாட்டுவகையான 'பாட்டியாலி'யின் பெயர் ஓடும் திசையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பாட்டியாலி பாடிக்கொண்டே வளர்ந்தவர் தன் வாழ்க்கைக்கு எதிர்த்திசையின் பெயரை வைத்தார்.

வீடும் வெளியும்

ஹிந்துஸ்தானி இசையில் 'கரானா' என்ற சொல்லை இசை ஆர்வலர் அறிவர். 'கர்' என்றால் வீடு. குவாலியர் கரானா, கிரானா கரானா என்று சொல்லும்போது குறிப்பிடப்படுவது ஒரு குரு குடும்பம், அதன் வாரிசுகள், அவர்கள் காத்துவரும் பாணி. இசை அங்கே ஒரு வீட்டின் சொத்து. சீடன் அந்த வீட்டுக்குள் அனுமதி பெற்று நுழைய வேண்டும். நாட்டார் இசையைப் பற்றிப் பேச வந்த ஹேமாங்க பிஸ்வாஸ், இந்தச் சொல்லைத் திருப்பிப்போட்டு 'பாஹிரானா' என்ற சொல்லை உருவாக்கினார். 'பாஹிர்' என்றால் வெளி. நாட்டார் இசைக்கு வீடு கிடையாது; வெளிதான் அதன் குருகுலம். ஒரு வட்டாரத்தின் நிலம், நீர், தொழில், பேச்சு ஆகியவை சேர்ந்துதான் அதன் பாணியைத் தீர்மானிக்கின்றன. எனவே கரானாக்களை எண்ணுவதைப் போல வட்டாரங்களின் பாஹிரானாக்களை எண்ணிப் படிக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

வேடிக்கைக்காகச் சொன்ன சொல் போலத் தோன்றினாலும் இதற்குள் ஒரு முழுமையான பொருள்முதல்வாத இசையியல் இருக்கிறது. பாட்டியாலியையே எடுத்துக்கொள்ளலாம். ஓட்டத்தோடு போகும் படகில் துடுப்புக்கு வேலை குறைவு. படகுக்காரர் தனியாள், சுற்றிலும் கரை தெரியாத நீர். அவர் குரலை நீட்டி விடுகிறார். தாளம் தளர்ந்து, சுரம் நீண்டு, அலைபோல இறங்குகிறது. அதே ஆற்றில் பலர் சேர்ந்து துடுப்பு வலிக்கும்போது பாடுவது 'சாரி'. அங்கே ஒருவர் குரலும் தனியே நீள முடியாது. துடுப்பு நீரில் விழும் கணமே தாளம். ஒருவர் எடுத்துக் கொடுக்கப் பலர் வாங்கிப் பாட வேண்டும். தவறினால் படகு திரும்பிவிடும். ஒரே ஆறு, ஒரே மக்கள், ஒரே பேச்சு. உழைப்பின் முறை மாறியவுடன் இசையின் வடிவம் மாறிவிடுகிறது. ஏற்றப்பாட்டைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் குடியானவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திணைக்குத் திணை தொழிலையும் பறையையும் யாழையும் வேறுபடுத்தி வைத்த தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலைப் படித்தவருக்கும் இது அந்நியமாகத் தோன்றாது.

இந்தச் சிந்தனையிலிருந்து மூன்று விளைவுகள் பிறந்தன. மூன்றும் அவருக்குச் சிக்கலையே தேடித் தந்தன.

முதலாவது, பேச்சுமொழி. சில்ஹெட் வட்டாரப் பாட்டை நகரத்து மேடைக்குக் கொண்டுவருகிறவர்கள் முதலில் செய்வது சொல்லைத் 'திருத்துவது'. புறாவுக்குக் கொல்கத்தாவின் செந்தர வங்காளியில் ஒரு சொல். சில்ஹெட்டில் அது 'கைதர்'. செந்தரச் சொல்லை அங்கே வைத்தால் பொருள் மாறாது. ஆனால் மெட்டு இடறும். அசை நீளும் இடம் வேறு, அழுந்தும் இடம் வேறு. வானொலியும் இசைத்தட்டு நிறுவனங்களும் இப்படிச் சலவை செய்து விற்ற 'பல்லி கீத்' எனப்பட்ட கிராமியப் பாட்டுகளை அவர் கடுமையாக விமர்சித்தார். தன்னோடு இயக்கத்தில் வளர்ந்து பின்பு புகழ்பெற்ற பாடகர்களையும் அந்த விமர்சனத்திலிருந்து அவர் விட்டுவைக்கவில்லை. நட்புக்காக வாயை மூடிக்கொள்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

இரண்டாவது, கட்சி மேடை. 1943இல் இந்திய மக்கள் நாடக மன்றம், இப்டா, உருவானது. வங்கப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்த ஆண்டு அது. நாற்பதுகளின் தொடக்கத்தில் ஹேமாங்க பிஸ்வாஸ் முன்னின்று அமைத்த சுர்மா பள்ளத்தாக்குக் கலைக்குழு ஊர் ஊராகச் சென்றது. பின்பு அசாம் இப்டாவில் ஜோதிபிரசாத் அகர்வாலா, பிஷ்ணு ராபா ஆகியோரோடு சேர்ந்து உழைத்தார். டோல் வாசிக்கும் மகாய் ஓஜா போன்ற கிராமத்துக் கலைஞர்கள் தேசிய மேடைக்கு வந்தது அந்த இயக்கத்தின் வழியேதான். பல இடங்களில் ஒரு குறுக்குவழியும் நடைமுறையில் இருந்தது. பழக்கமான ஒரு கிராமிய மெட்டை எடுப்பது. அதன் சொற்களை நீக்கிவிட்டு மாநாட்டுத் தீர்மானத்தை அதில் பொருத்துவது. மெட்டு வெறும் பாத்திரம், அதில் எதையும் ஊற்றலாம் என்ற எண்ணம். பாஹிரானா என்ற கருத்து இதை ஏற்காது. மெட்டுக்கு ஒரு தொழில் உண்டு, ஒரு நிலம் உண்டு, ஒரு நினைவு உண்டு. தாலாட்டு மெட்டில் முற்றுகை முழக்கத்தை வைத்தால் கேட்பவர் உறங்கிப்போகலாம்.

அவர் எழுதிய பாட்டுகள் வேறு வழியைக் காட்டின. நாடு பிளவுண்டு அதிகாரம் கைமாறியபோது அவர் எழுதிய நையாண்டி 'மவுண்ட்பேட்டன் மங்கள்காவியம்'. மங்கள்காவியம் என்பது நாகதேவி மனசா போன்ற தெய்வங்களின் அருளைப் பாடும் இடைக்கால வங்க வடிவம். மழைக்காலத்தில் பாம்புக்கு அஞ்சிய கிழக்கு வங்கக் கிராமங்களில் மனசாவின் காவியம் இரவிரவாகப் பாடப்படும். பூசை செய்யாதவனைத் தெய்வம் எப்படியெல்லாம் வதைத்து வழிக்குக் கொண்டுவருகிறது என்பதே அதன் கதை. அந்த வடிவத்தில் மவுண்ட்பேட்டன் பிரபுவுக்குத் துதி பாடினால் எப்படி இருக்கும்! விளக்கவுரை தேவைப்படாமல் குடியானவர் சிரித்தார். மக்களுக்குத் தெரிந்த வடிவத்தின் நினைவைப் பயன்படுத்திக்கொண்ட நையாண்டி அது. அதில் ஒரு தீர்மானமும் வாசிக்கப்படவில்லை.

இன்று இடதுசாரி மேடைகளில் பாட்டுக்கு இருக்கும் இடத்தை இந்த இடத்தில் எண்ணிப் பார்ப்பது தவறாகாது. தலைவர் வரத் தாமதமானால் கலைக்குழு பாடும். வந்துவிட்டால் பாதிப் பாட்டில் ஒலிவாங்கி கைமாறும். மாநாட்டு அறிக்கையில் பண்பாட்டு முன்னணிக்குக் கடைசிக்கு முந்தைய பக்கம். பாட்டெழுதுகிறவரிடம் 'இந்த மூன்று கோரிக்கையும் வந்துவிட வேண்டும் தோழர்' என்று துண்டுச்சீட்டு கொடுப்பவர்கள், அந்தப் பாட்டின் மெட்டு எந்த வயலிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கேட்ட ஒருவர் இயக்கத்துக்குள் இருந்தார்.

சலில் சௌத்ரியோடு ஒரு வழக்கு

மூன்றாவது விளைவு, சலில் சௌத்ரியோடு நடந்த நீண்ட விவாதம். 'தோ பிகா ஜமீன்' திரைப்படத்தின் இசையமைப்பாளர் என்று இந்தியா அறியும் சலில் சௌத்ரி, அதற்கு முன்பே இப்டாவின் பேராற்றல் மிக்க பாட்டாசிரியர். தெபாகா விவசாயிகளுக்காக எழுதியவர். மேலை இசையின் ஒத்திசைவையும் பல்குரல் அமைப்பையும் மக்கள் பாட்டுக்குள் கொண்டுவந்தவர். புதிய வர்க்கத்தின் புதிய உணர்வுக்குப் பழைய கிராமிய வடிவம் போதாது, உலக இசையின் செல்வம் அனைத்தும் தொழிலாளி வர்க்கத்துக்கு உரிமையானது என்பது அவர் நிலை. மக்களின் செவியில் வேர்விடாத வடிவம் நகரத்து நடுத்தர வர்க்கத்தோடு நின்றுவிடும் என்பது ஹேமாங்கரின் நிலை.

விவாதத்தின் சுவையான பகுதி என்னவென்றால் இருவரையும் வளர்த்தது ஒரே அசாம்தான். சலிலின் தந்தை தேயிலைத் தோட்ட மருத்துவர். தோட்டத்து ஆதிவாசித் தொழிலாளர்களின் பாட்டும், தந்தையிடம் இருந்த மேலைச் செவ்விசை இசைத்தட்டுகளும் சலிலின் குழந்தைப் பருவத்தில் ஒருங்கே ஒலித்தன. அவர் கேட்டதைத்தான் அவர் எழுதினார். பாஹிரானா கருத்தின்படியே பார்த்தாலும், தேயிலைத் தோட்டத்துப் பங்களாவின் கிராமபோனும் ஒரு 'வெளி'தானே என்று சலில் கேட்டிருக்கலாம்.

இந்த வழக்கில் ஹேமாங்கர் முழுமையாக வென்றதாகச் சொல்ல முடியாது. சலிலின் பாட்டுகள் வயல்களுக்கும் போய்ச் சேர்ந்தன. ஒத்திசைவு இந்திய உழைக்கும் மக்களுக்கு எட்டாத ஒன்றல்ல என்பதைச் சென்னையில் எம்.பி. சீனிவாசன் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கிக் காட்டினார். ஹேமாங்கரும் தூய்மைவாதி அல்லர். இயந்திரத்தோடு போட்டியிட்டு, சம்மட்டியைக் கையிலேந்தியபடியே மாண்ட கறுப்பினத் தொழிலாளி ஜான் ஹென்றியின் அமெரிக்க நாட்டார் பாட்டை வங்காளியில் தந்தவர் அவரே. ஹிரோஷிமாவையும் பசிபிக் கடலையும் ஒரு கடற்பறவையின் குரலில் பாடிய 'சங்க்சில்' அவர் எழுதியதே. வேறு மண்ணின் பாட்டை அவர் மறுக்கவில்லை. அந்தப் பாட்டும் ஒரு வெளியில், ஒரு தண்டவாளத்தின் ஓரத்தில், ஒரு சம்மட்டியின் அடிக்கு ஏற்பப் பிறந்தது என்பதால்தான் அது அவர் கைக்கு இசைந்தது. அவர் அஞ்சியது மண் இல்லாத இசையை மட்டுமே.

ஆயினும் அவருடைய அச்சத்தில் உண்மை இருந்தது என்பதைப் பின்வந்த காலம் காட்டியது. 1948க்குப் பின் அடக்குமுறை ஒருபுறமும் கட்சியின் குறுங்குழுவாதப் பிழைகள் மறுபுறமும் இப்டாவை உலுக்கின. கலைஞர்கள் பலர் விலகினர். பலரைத் திரைப்படத் துறை ஈர்த்துக்கொண்டது. பாட்டு பம்பாய்க்குப் போனது. பாட்டு பிறந்த வயலில் குழு இல்லாமல் போனது.

பிரிந்த ஆறு

1947 ஜூலை 6, 7 தேதிகளில் சில்ஹெட்டில் வாக்கெடுப்பு நடந்தது. கிழக்கு வங்கத்தோடு சேர 2,39,619 வாக்குகள். அசாமில் நீடிக்க 1,84,041. மாவட்டத்தின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு வாக்களிக்கும் உரிமை இல்லை. வந்தேறிகள், நிலையற்ற மக்கள் என்று ஒதுக்கப்பட்டார்கள். மாவட்டம் பாகிஸ்தானுக்குப் போனது. ராட்கிளிஃப் கோடு மூன்றரைத் தாணாக்களை மட்டும் இந்தியாவில் விட்டுவைத்தது. அந்த மூன்றரைத் தாணாதான் கரீம்கஞ்ச். 2025இல் ஒரு முதியவர் பாடியதற்காக வழக்கு உத்தரவான அதே மண்.

தன் பாஹிரானாவை எல்லைக்கு அப்பால் விட்டுவிட்டு ஹேமாங்க பிஸ்வாஸ் இந்தப் பக்கம் வாழ நேர்ந்தது. வீட்டை இழந்தவர்கள் ஏராளம். நாட்டார் பாடகரின் இழப்பு இன்னும் ஒருபடி கூடுதலானது. கற்ற பள்ளியே வேறு நாடாகிவிட்டது. கொல்கத்தாவில் வாழ்ந்தபோது அவர் எழுதிய பாட்டொன்றில் தன்னை ஹபிகஞ்சின் ஜலாலிப் புறா என்று அழைத்துக்கொள்கிறார். ஜலாலிப் புறா என்பது சில்ஹெட்டின் சூஃபி ஞானி ஷா ஜலாலின் பெயரால் வழங்கும் நீலச்சாம்பல் நிறப் புறா. அந்த வட்டாரத்தில் இந்துவும் முஸ்லிமும் அதைக் கொல்வதில்லை. இந்து ஜமீன் வீட்டில் பிறந்து, கடவுள் நம்பிக்கையைத் துறந்து, செங்கொடியின் கீழ் வந்தவர், நாடிழந்த துயரத்தைச் சொல்லத் தேடிய உருவகம் ஒரு முஸ்லிம் ஞானியின் தர்காவிலிருந்து வந்தது. மதநல்லிணக்கம் பற்றிய முழக்கம் எதுவும் அந்தப் பாட்டில் இல்லை. அந்த மண்ணில் வளர்ந்தவருக்கு அந்தப் புறாதான் முதலில் நினைவுக்கு வரும், வந்தது.

இழந்தவனின் கசப்பு எளிதில் வெறுப்பாக மாறும். அகதியின் வலியை வகுப்புவாதம் எப்படி அறுவடை செய்தது என்பதற்கு வங்கமும் அசாமும் இன்றளவும் சாட்சி. ஹேமாங்கருக்கு அந்தச் சோதனை 1960இல் வந்தது. அசாமிய மொழியை ஆட்சிமொழியாக்கும் கோரிக்கையை ஒட்டி அந்த ஆண்டு பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் வங்காளிகளுக்கு எதிரான கலவரம் மூண்டது. வீடுகள் எரிந்தன, ஆயிரக்கணக்கானோர் அகதிகளாயினர். அடுத்த ஆண்டு, 1961 மே 19 அன்று, தங்கள் மொழிக்கும் இடம் கேட்டுச் சில்சார் ரயில் நிலையத்தில் மறியல் செய்த வங்காளி மக்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் மாண்டனர்.

இரு மக்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க அஞ்சிய அந்த நாட்களில், வங்காளியான ஹேமாங்க பிஸ்வாஸும் அசாமியரான பூபேன் ஹசாரிகாவும் ஒரு கலைக்குழுவைத் திரட்டிக்கொண்டு ஷில்லாங்கிலிருந்து கலவரப் பகுதிகளுக்குச் சென்றனர். இருவரும் சேர்ந்து உருவாக்கிய பாட்டு, ஹாராதன், ரங்மன் என்ற இரு குடியானவர்களின் கதை. ஹாராதன் பத்மா ஆற்றங்கரையிலிருந்து துரத்தப்பட்டு வந்த வங்காளி. ரங்மன் பிரம்மபுத்திராக் கரையின் அசாமியர். ஹாராதன் வங்காளியிலும் ரங்மன் அசாமியத்திலும் பாடுவார்கள். ஒருவர் மொழியை மற்றவர் மொழியில் பெயர்க்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இரண்டு மெட்டுகளும் அருகருகே நின்றன. நிலமும் கடனும் வெள்ளமும் இருவருக்கும் பொதுவாக இருந்ததால் கேட்பவருக்குப் புரிந்தது. ஒற்றுமை என்றால் ஒரு மொழி இன்னொன்றுக்கு இடம்விட்டு ஒதுங்குவது என்ற அரசின் இலக்கணத்துக்கு நேர்மாறான இலக்கணம் அந்த மேடையில் செயல்பட்டது. சிறுவயதில் சில ஆண்டுகள் திப்ருகரில் படித்ததால் ஹேமாங்கருக்கு அசாமியம் அந்நியமல்ல. இரண்டு பள்ளத்தாக்குகளின் பாஹிரானாவும் தெரிந்தவரால்தான் இதைச் செய்ய முடிந்தது.

பாட்டு கலவரத்தை நிறுத்திவிட்டது என்று சொல்வது மிகையாகும். சில்சாரின் 11 உயிர்களை அது காக்கவில்லை. அதன் பின்னும் அசாமில் இரத்தம் ஓடியது. ஆனால் அந்தப் பயணத்தில் மேடையேற அரசின் அழைப்பும் இல்லை, பாதுகாப்புக்கு உத்தரவாதமும் இல்லை. வெறி தணிந்த பிறகு அமைதிக் கூட்டம் போடுவது வழக்கம். இவர்கள் புண் ஆறுவதற்கு முன்பே போனார்கள்.

பின்னாளில் பூபேன் ஹசாரிகா 2004இல் பாஜக வேட்பாளராகத் தேர்தலில் நின்றதும், மறைவுக்குப் பின் 2019இல் மோடி அரசு அவருக்குப் பாரத ரத்னா அறிவித்ததும் வாசகர் அறிந்தவையே. அவர் பாட்டைக் கொண்டாடும் அதே அரசு, ஹாராதனின் பேரப்பிள்ளைகளை அயலார் தீர்ப்பாயங்களில் நிறுத்துகிறது. 2019 ஆகஸ்டில் வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் விடுபட்டோர் 19 இலட்சம் பேர்.

ஹேமாங்கருக்கு அத்தகைய விருதுகள் எதுவும் வரவில்லை. அவர் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. 1957இல் காசநோய்ச் சிகிச்சைக்காகச் சீனா சென்று திரும்பிய பின், சீனப் புரட்சியின்மீது அவருக்கு ஏற்பட்ட பற்று கடைசிவரை மாறவில்லை. கொல்கத்தாவில் சோவியத் வெளியீடொன்றில் பிழைப்புக்காகப் பணியாற்றியவர், கொள்கை வேறுபாட்டால் அந்த வேலையையும் விட்டார். கம்யூனிஸ்ட் இயக்கம் பிளவுபட்ட ஆண்டுகளில் அவர் எடுத்த நிலைகள் அனைத்தையும் இன்று ஒருவர் ஏற்க வேண்டியதில்லை. எல்லாப் பிரிவினரும் தத்தம் மேடைகளில் அவர் பாட்டைப் பாடுகிறார்கள் என்பது வேறு செய்தி. எழுபதுகளில் 'மாஸ் சிங்கர்ஸ்' என்ற குழுவை அமைத்து, அறுபது வயதைத் தாண்டிய பின்னும் இளைஞர்களோடு தொழிற்சாலை வாயில்களிலும் தெருமுனைகளிலும் பாடினார். வங்கம், அசாம் இரண்டின் நாட்டார் இசையையும் ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரைகள், களத்தில் பாடிய ஒருவர் எழுதியவை என்பதால் பல்கலைக்கழக ஆய்வுகளிலிருந்து வேறுபடுகின்றன. தமிழில் அவை வந்தாக வேண்டும். பண்பாட்டு முன்னணியில் உழைக்கும் தோழர்கள் யாரேனும் அந்தப் பணியை எடுத்துக்கொண்டால், பயிற்சி முகாம்களில் இசைபற்றிப் பேச ஒரு பாடநூல் கிடைக்கும்.

கரீம்கஞ்ச் முதியவர்மீது வழக்குப் பதியச் சொன்ன உத்தரவைக் கண்டிக்கும் அறிக்கைகள் பல வந்தன. தாகூர் இந்தியாவின் தேசிய கீதத்தையும் எழுதியவர், எனவே அவர் பாட்டைப் பாடுவது குற்றமாகாது என்று அவற்றில் பெரும்பாலானவை வாதிட்டன. வாதம் சரியானதே, போதுமானதல்ல. தாகூரின் பெயர் ஒட்டியிராத ஒரு பாட்டியாலியை, பெயர் தெரியாத ஒரு படகுக்காரரின் பாட்டை, நாளை ஒரு கட்டடத் தொழிலாளி குருகிராமின் தகரக் கொட்டகையில் பாடினால் அவருக்கு எந்த நோபல் பரிசைக் காட்டி வாதிடுவது? ககன் ஹர்காராவின் மெட்டு எந்த அரசும் வழங்காத உரிமையோடு இரு கரையிலும் உலவுகிறது என்று சொல்ல இடதுசாரிகளாவது முன்வர வேண்டும்.

கரீம்கஞ்ச் நகரின் ஓரத்தில் குஷியாரா ஆறு ஓடுகிறது. எதிர்க்கரை வங்கதேசத்தின் ஜக்கிகஞ்ச். எல்லைக்கோடு ஆற்றின் நடுவே போகிறது. இரு கரையிலும் பேசுவது சில்ஹெட்டிதான். புறாவுக்கு இரு கரையிலும் 'கைதர்' என்றே பெயர்.